பெர்மிஷன் டீச்சர்

கோவில்பட்டியில் ஒரு பெண்கள் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியையாக இருக்கும் தீபலட்சுமிக்குச் சுற்றுவட்டாரக் கிராமங்களில் வேறொரு பெயர் உண்டு. பெர்மிஷன் டீச்சர். பள்ளி விட்டபின் அவளுடைய ஸ்கூட்டர் ஊருக்குள் நுழைந்தால், "ஏட்டி, பெர்மிஷன் டீச்சர் வாராவ, சேரை எடுத்துப் போடு" என்று யாராவது வீட்டுக்குள் பார்த்துக் குரல் கொடுப்பார்கள்.

பள்ளியின் சாரணியர் படைக்கும் அவள்தான் பொறுப்பு. பிள்ளைகளை வெளியூர் கூட்டிப்போவதென்றால் தலைமை ஆசிரியை கையெழுத்து வேண்டும், கல்வி அலுவலகத்தின் அனுமதி வேண்டும், ஒவ்வொரு வீட்டின் சம்மதமும் வேண்டும். சம்மதக் கடிதத்தைப் பிள்ளைகள் கையில் கொடுத்தனுப்பினால் மறுநாளே கையெழுத்தோடு திரும்பி வரும். அது யார் போட்ட கையெழுத்து என்பது பிள்ளைக்கும் பேனாவுக்கும்தான் தெரியும். அதனால் தீபலட்சுமி கொடுத்தனுப்புவதில்லை. தானே போய் அப்பாவையோ அம்மாவையோ உட்காரவைத்துச் சொல்வாள். எங்கே போகிறோம், எந்த வண்டி, டிரைவர் யார், எத்தனை மணிக்குத் திரும்புவோம், எட்டுப் பிள்ளைக்கு ஒரு பெரியவர் என்று யார் யார் கூட வருகிறார்கள், பக்கத்தில் எந்த ஆஸ்பத்திரி. பிறகு அவள் கேட்பாள். பிள்ளைக்கு வீசிங் உண்டா, வலிப்பு உண்டா, எந்த மாத்திரை ஒத்துக்கொள்ளாது.

இவ்வளவையும் அவளுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. பதினான்கு வயதில் அவளும் சாரணியர் படையில்தான் இருந்தாள். மாநில முகாமுக்கு அவள் பெயர் வந்தது. கடற்கரையில் கூடாரம் போட்டுத் தங்கும் முகாம். அவள் அதுவரை கடலைப் பார்த்ததில்லை. கரிசல்காட்டில் உளுந்தும் கம்பும் போடுகிற குடும்பத்தில் கடலைப் பார்க்க ஒரு காரணமும் இருப்பதில்லை; நேர்த்திக்கடன் இருந்தால்தான் திருச்செந்தூர்ப் பயணம். முகாம் என்றதும் அப்பா நல்லக்கண்ணு ஒரே ஒரு கேள்வி கேட்டார். "அங்கன உனக்கு ஒண்ணுன்னா யாரு பொறுப்பு?"

அவளுக்குப் பதில் தெரியவில்லை. பள்ளியிலிருந்து சொல்ல யாரும் வரவும் இல்லை. முகாம் நடந்த அந்த வாரம் முழுக்க அவள் உளுந்துக்காட்டில் அம்மாவோடு களை எடுத்தாள். போய்வந்த பிள்ளைகள் பள்ளியில் கூடாரத்தையும் அலையையும் பற்றிப் பேசும்போது எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விடுவாள். அப்பாமேல் நெடுநாள் கோபம் இருந்தது. வேலைக்கு வந்து, நாற்பது பிள்ளைகளைத் தன் பொறுப்பில் வைத்துப் பார்த்தபிறகு, அவர் கேட்டது நியாயமான கேள்வி என்று தோன்றியது. பதில் சொல்ல ஆள் இல்லாமல் போனதுதான் குறை.

அவள் சேர்ந்த காலத்தில் அந்தப் பள்ளியில் வெளியூர்ப் பயணம் என்பதே கிடையாது. வேறெங்கோ நடந்த ஒரு விபத்துக்குப் பிறகு, "நமக்கு எதுக்கு வம்பு" என்று நிறுத்திவைத்திருந்தார்கள். ஒவ்வொரு ஆண்டும் தீபலட்சுமி திட்டம் எழுதிக்கொடுப்பாள். ஒவ்வொரு ஆண்டும் அது மேசையிலேயே கிடக்கும். புதிய தலைமை ஆசிரியை மீனாட்சியம்மாள் வந்தபிறகுதான் வழி பிறந்தது. அவர் திட்டத்தை இரண்டு முறை வாசித்துவிட்டு, "எல்லா வீட்லயும் சம்மதம் வாங்கிட்டு வா, பாப்போம்" என்றார்.

குளத்தூர் தாண்டி ஒரு மீனவர் கிராமத்துக் கடற்கரை. காலையில் போய் மாலையில் திரும்புவது. பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் நாற்பது பேர். அதில் ஏறக்குறைய எல்லாருக்கும் அதுதான் முதல் கடல்.

மற்ற வீடுகள் எல்லாம் ஒருவழியாகச் சம்மதித்தன. இந்துஜா வீடுதான் இழுத்தது. அவள் அப்பா மாரிச்சாமி மானாவாரி விவசாயி, மிளகாயும் மக்காச்சோளமும் போடுகிறவர். அம்மா தீப்பெட்டி ஆபீசுக்குக் குச்சி அடைக்கப் போகிறவள். தீபலட்சுமி முதல் தடவை போனபோது மாரிச்சாமி, "அதெல்லாம் வேண்டாம் டீச்சர்" என்று சொல்லிவிட்டு மாட்டைப் பிடித்துக்கட்டப் போய்விட்டார். இரண்டாவது தடவை வீட்டிலேயே இல்லை. மூன்றாவது தடவை உட்கார்ந்தார். இந்துஜா கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

"எல்லாஞ் சரி டீச்சர். கடல்னா சும்மாவா? நம்ம பிள்ள கிணத்துத் தண்ணியத் தவிர எதைக் கண்டிருக்கு?"

"முழங்காலுக்கு மேல தண்ணி ஏறவிட மாட்டோம் அண்ணாச்சி. கயிறு கட்டி, கயிறுக்கு அந்தப் பக்கம் நாங்க நிப்போம். எட்டு எட்டுப் பேராத்தான் இறக்குவோம். நீச்சல் தெரிஞ்ச மீனவர் ரெண்டு பேரு கூட நிப்பாவ."

"அலை பெருசா இருந்துச்சின்னா?"

"திரும்பிருவோம்."

"அம்புட்டுத் தூரம் போனபிறகா?"

"போனபிறகும்தான்."

மாரிச்சாமி பேனாவுக்குக் கை நீட்டினார். "இந்தப் பிள்ளைக ஆசையா வந்து நிக்கும். உங்களால முடியாது டீச்சர்" என்றார். சொல்லிக்கொண்டே பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டார்.

தை மாதம் ஒரு சனிக்கிழமை பஸ் கிளம்பியது. முதல்நாள் மாலைகூட அவள் வானிலை பார்த்திருந்தாள். மழை இல்லை, காற்று இல்லை, ஒரு எச்சரிக்கையும் இல்லை. எட்டயபுரம் வரை பிள்ளைகள் பாட்டு. விளாத்திகுளம் வரை அந்தாக்ஷரி. இந்துஜா ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் இருந்த முத்துமணி இடம் மாற்றிக் கேட்டும் கொடுக்கவில்லை.

விளாத்திகுளம் தாண்டியதும் தீபலட்சுமியின் போன் அடித்தது. கரையில் அவள் ஏற்பாடு செய்து வைத்திருந்த மீனவர்.

"டீச்சரம்மா, எங்கன வந்துட்டிய?"

"குளத்தூர் வந்துருவோம், ஏன்?"

"விடியக்காலம் பேரலை எச்சரிக்கை சொல்லிருக்காவ. படகெல்லாம் மேல ஏத்திட்டோம். பாக்கதுக்கு அமைதியாத்தான் இருக்கு. ஆனா நேரஞ்செல்லச் செல்ல ஏறும். எங்கேயோ அடிச்ச காத்துக்கு இங்கன அலை வருது. பிள்ளைகளோட வேண்டாம்னு தோணுது."

குளத்தூர் தாண்டிச் சாலையோரம் பஸ்ஸை நிறுத்தச் சொன்னாள். வெயில் அடித்தது. வானத்தில் ஒரு மேகம் இல்லை. தூரத்தில் உப்பளங்கள் வெள்ளை வெள்ளையாக மின்னின. அவற்றுக்கு அப்பால் நீலமாக ஒரு கோடு. பிள்ளைகள் எல்லாரும் அந்தப் பக்கத்து ஜன்னல்களில் வந்து குவிந்துவிட்டார்கள்.

கூட வந்த அறிவியல் ஆசிரியை காவியா மெதுவாகச் சொன்னாள்: "தண்ணியில இறக்க வேண்டாம் டீச்சர். மணல்ல தூரமா நின்னு பாத்துட்டு வந்துருவோமே. பாவம், பிள்ளைக."

தீபலட்சுமிக்கும் அதுதான் ஆசை. தூரமாக என்றால் எவ்வளவு தூரம்? இந்த மாதிரி அலை சொல்லிக்கொண்டு வருவதில்லை. திடீரென்று ஏறி, மணலில் நிற்பவர் காலையும் வாரிக்கொண்டு போகும். நாற்பது பிள்ளைகளும் முதன்முதலாகக் கடலைப் பார்க்கும்போது யாரை எந்தக் கயிற்றுக்குள் நிறுத்திவைக்க முடியும்? அவள் மீனாட்சியம்மாளுக்குப் போன் செய்து நிலைமையைச் சொன்னாள். "நீ என்ன நினைக்குத?" என்றார் அவர். "திரும்புதோம் மேடம்" என்றாள். சொன்னபோது அவள் குரல் அவளுக்கே யாருடையதோ போல் கேட்டது.

பஸ்ஸுக்குள் ஏறி நின்று, ஒன்றையும் மறைக்காமல் பிள்ளைகளிடம் சொன்னாள். யாரும் சத்தம் போடவில்லை. அதுதான் அவளால் தாங்க முடியாததாக இருந்தது. பின்வரிசையில் ஒரு பிள்ளை மட்டும் விசும்பியது. இந்துஜா ஜன்னலிலிருந்து முகத்தைத் திருப்பாமல் கேட்டாள்.

"டீச்சர், அந்தா தெரியுதது கடலா, வானமா?"

தீபலட்சுமி குனிந்து பார்த்தாள். அவளுக்கும் உறுதியாகத் தெரியவில்லை. "கடல்தான்" என்றாள்.

கடலுக்குப் பதிலாகப் பாஞ்சாலங்குறிச்சிக்குப் போனார்கள். கோட்டையைச் சுற்றிப் பார்த்தார்கள். மரத்தடியில் உட்கார்ந்து புளியோதரை சாப்பிட்டார்கள். கொஞ்ச நேரத்தில் பிள்ளைகள் ஓடிப்பிடித்து விளையாடவும் செய்தார்கள். தீபலட்சுமி பைகளைத் திரும்ப ஏற்றும்போது, உலர்ந்த மாற்று உடுப்புகள் மடிப்புக் கலையாமல் பாலிதீன் கவருக்குள் அப்படியே இருப்பதைப் பார்த்தாள். 

வெளிச்சம் இருக்கும்போதே பஸ் வந்துவிட்டது. மாரிச்சாமி நிறுத்தத்தில் சைக்கிளோடு நின்றிருந்தார். இறங்கியதும் இந்துஜா அவரிடம் விவரத்தைச் சொன்னாள். அவர் தீபலட்சுமியைப் பார்த்துத் தலையை மட்டும் அசைத்துவிட்டு மகளைப் பின்னால் ஏற்றிக்கொண்டு போனார்.

அந்த ஆண்டு இன்னொரு நாள் கிடைக்கவில்லை. மாதிரித் தேர்வு வந்தது, பொதுத்தேர்வு வந்தது. அந்த நாற்பது பேரும் பத்தாவது முடித்துப் பிரிந்தார்கள். சிலர் மேல்நிலைக்கு வேறு பள்ளி, சிலர் ஐடிஐ, இரண்டு மூன்று பேர் நூல் மில்லுக்கு. அன்று குளத்தூருக்குப் போகும்முன் பஸ்ஸில் எடுத்த ஒரு படம் தீபலட்சுமியின் போனில் இருந்தது. அதை அவள் அழிக்கவும் இல்லை, அடிக்கடி பார்க்கவும் இல்லை.

மறு ஆண்டு அவள் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்காக மறுபடியும் திட்டம் எழுதினாள். வீடு வீடாகப் போக ஆரம்பிக்கும் முன்பே ஒரு நாள் மாரிச்சாமி பள்ளி வாசலில் வந்து நின்றார். அவருடைய இளைய மகள் இசக்கிச்செல்வி அப்போது ஒன்பதாவது. கூடவே அவர் ஊர்க்காரர்கள் நான்கு பேர், வெள்ளை வேட்டியில்.

"கையெழுத்துப் போடணும்லா டீச்சர். நீங்க எதுக்கு வெயில்ல அலையுதீங்க? நாங்களே வந்துட்டோம்."

"போன வருசம் உங்க வீட்டுக்கு மூணு தடவை வந்து கேக்க வேண்டியதா இருந்துச்சே அண்ணாச்சி" என்றாள் அவள், சிரித்துக்கொண்டே.

"போன தடவை நீங்க கூட்டிட்டுப் போவீங்கன்னு தெரியும். திரும்பக் கூட்டிட்டு வருவீங்களான்னு தெரியாதுல்லா" என்றார் மாரிச்சாமி. மற்றவர்கள் தலையாட்டினார்கள்.

அந்தத் தடவை கடல் இடம் கொடுத்தது. கயிறு கட்டி, எட்டு எட்டுப் பேராக இறக்கினார்கள். இசக்கிச்செல்வி முதல் அலைக்கே கத்திக்கொண்டு காவியாவைக் கட்டிப் பிடித்தாள். கயிற்றுக்கு அந்தப் பக்கம், இடுப்பளவு தண்ணீரில், கரையைப் பார்த்துக்கொண்டு தீபலட்சுமி நின்றாள். நிற்கிறவர்கள் பிள்ளைகளைத்தான் பார்க்க வேண்டும், கடலைப் பார்க்கக்கூடாது என்பது அவள் போட்ட விதி. சிரிக்கிற முகங்களை எண்ணிக்கொண்டே வந்தபோது அவள் மனம் வேறு முகங்களைத் தேடியது. போன ஆண்டின் முகங்களில் ஒன்றுகூட அங்கே இல்லை. முதுகில் அலை வந்து வந்து தட்டியது.

இந்துஜாவை அவள் மறுபடி பார்த்தது மூன்று ஆண்டு கழித்து, கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டில். உயர்ந்து வளர்ந்திருந்தாள். திருநெல்வேலியில் நர்சிங் சேர்ந்திருந்தாள். விடுதியிலிருந்து ஊருக்குப் போய்க்கொண்டிருந்தாள். இரண்டு பேரும் ஒரு கடையில் டீ குடித்தார்கள்.

"கடல் பாத்துட்டியாட்டி?" என்று தீபலட்சுமி கேட்டாள். அவ்வளவு காலமும் கேட்க நினைத்திருந்த கேள்வி அது.

"இல்ல டீச்சர்."

"திருநெல்வேலில இருந்துக்கிட்டா? ஹாஸ்டல் பிள்ளைக எல்லாம் திருச்செந்தூர் போவாவளே."

"போனாவ. கூப்பிட்டாவ. நான் போகல."

தீபலட்சுமி டம்ளரைக் கீழே வைத்தாள். "வா, அடுத்த ஞாயித்துக்கிழமை நாம ரெண்டு பேரும் போவோம். உங்க அப்பாகிட்ட நான் வந்து கேக்குதேன். இல்ல, உனக்குத்தான் பதினெட்டு முடிஞ்சுட்டுல்லா, நீயே சொல்லிட்டு வா."

இந்துஜா சிரித்தாள். 

"அப்பா விடுவாவ டீச்சர். அது இல்ல. எனக்குக் கடல் பாக்கணும்னு இருந்துச்சான்னே இப்ப தெரியல. அந்தப் பஸ்ல போனோம்லா, எல்லாரும். அந்தப் பிள்ளைகளோட போயி இறங்கணும்னுதான் இருந்துச்சு. முத்துமணிக்குக் கல்யாணம் ஆயிட்டு. மத்தவ எங்கன இருக்காளுவன்னே தெரியல. இப்ப போனா, அது வேற கடல்."

அந்தக் காலையில் எடுத்த முடிவு சரியா என்று தீபலட்சுமி ஒரு நாளும் சந்தேகப்பட்டதில்லை. இப்போதும் சந்தேகம் இல்லை.  பதினான்கு வயதில் களை எடுத்துக்கொண்டிருந்தவளும், ஜன்னலோரத்தை விட்டுக்கொடுக்காமல் இருந்தவளும் அந்த டீக்கடை பெஞ்சில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள்.

"நீங்க அன்னைக்கு அழுதிய, டீச்சர்" என்றாள் இந்துஜா. "பாஞ்சாலங்குறிச்சில, பஸ்ஸுக்குப் பின்னால. நாங்க பாத்தோம். அதான் விளையாடப் போனோம். நீங்க வருத்தப்படக்கூடாதுன்னு."

அவள் ஊர் பஸ் வந்தது. பையைத் தூக்கிக்கொண்டு, "வாரேன் டீச்சர்" என்று ஏறிப்போனாள். கூட்டத்தில் எங்கே உட்கார்ந்தாள் என்று தீபலட்சுமிக்குத் தெரியவில்லை. பஸ் திரும்பி எட்டயபுரம் சாலையில் மறையும் வரை நின்று பார்த்துவிட்டு ஸ்கூட்டரை எடுத்தாள். அன்று சாயந்தரம் அவள் இன்னும் மூன்று வீடுகளுக்குப் போக வேண்டியிருந்தது.