துஷாந்தினி அழிக்கப் பார்த்த யூ.எஸ்.பி

ஓடினாளாம். ஆரோடு ஓடினாளாம்? ஜெறோமோடாம். சொல்கிற வாய்க்கும் வெட்கமில்லை, கேட்கிற காதுக்கும் வெட்கமில்லை. அவள் போன அன்றைக்கு, கொம்பியூற்றர் திருத்துகிற ஜெறோம் தூரத்தில் இல்-பிசாரில் ஒரு வெள்ளைக்காரக் கிழவரின் கொம்பியூற்றருக்குள் தலையை விட்டுக்கொண்டு இருந்தான். அவனுடைய மனுசி நிலக்ஷியைக் கேட்டால் சொல்லுவாள். ஆனால் கேட்கமாட்டீர்கள். கேட்டால் கதை முடிந்துபோகுமே.

கதைக்கிறதென்றால் முழுதாகக் கதைக்க வேண்டும். துஷாந்தினியைப் பெற்ற தாய் திருகோணமலையில் கண்ணை மூடினது இந்தக் கட்டிடத்தில் எத்தனை பேருக்குத் தெரியும்? அவ்வளவு பேருக்கும் தெரியும். கீழே கடை வைத்திருக்கிறவருக்குத் தெரியும், மேலே நாய் வளர்க்கிறவளுக்குத் தெரியும். தெரியாத ஒரே ஆள் மகள்தான். ஒரு வருசத்துக்கு மேலாக அவளைப் பார்த்துச் சிரித்துவிட்டு, அவள் படியேறிப் போன பிறகு 'பாவம்' என்று சொன்ன ஆட்கள்தான் இன்றைக்கு அவளின் நடத்தையை அளக்கிறார்கள்.

அவள் எப்படிப்பட்டவள்? புருசன் யோகேந்திரன் ஸ்பொன்சர் செய்து கனடாவுக்கு வந்தவள். சென்ட் லோரன்டில் மருந்துத் தொழிற்சாலையில் வேலை. ஓடுகிற பெல்ட்டில் ஒரு குளிசை குறைந்த பட்டை வந்தால் அவள் கண்ணுக்குத் தப்பாது. பழுது என்று ஒருவர் சொன்னால் அவள் நம்பமாட்டாள். தானே பிரித்துப் பார்த்த பிறகுதான் நம்புவாள். ரைஸ் குக்கரின் பொத்தானைக் கரண்டிக் காம்பால் நெம்பித் திருத்தினவள். அந்தக் குணத்தால்தான் எல்லாம் வெளியில் வந்தது.

யோகேந்திரனையும் கூடாதவன் என்று சொல்ல முடியாது. அவளுக்கு இரண்டு பிள்ளை வயிற்றில் தங்காமல் போனது. மூன்றாவது தங்கி, கட்டிலை விட்டு இறங்க வேண்டாம் என்று டொக்டர் சொல்லியிருந்த நேரம்தான் ஊரிலிருந்து செய்தி வந்தது. வயிற்றுப்பிள்ளைக்காரிக்குச் செத்த வீட்டுச் செய்தி சொல்வதில்லை. எங்கள் ஆட்களிடம் இது உள்ள வழக்கம். அவன் வெளியே போய்க் காருக்குள் இருந்து அழுதுவிட்டு, முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து அவளுக்குச் சூப் வைத்துக் கொடுத்தான். அதுவரைக்கும் அவனை ஆரும் குறை சொல்லேலாது.

பிள்ளை பிறக்கட்டும் என்றார்கள். பிறந்தது. பிள்ளைக்கு முப்பத்தொண்டாம் நாள் கழியட்டும் என்றார்கள். கழிந்தது. இப்போது சொன்னால் பால் வற்றிப்போகும் என்றார்கள். பிறகு பல்லு முளைக்கட்டும், பிள்ளை நடக்கட்டும் என்று நாள் தள்ளித் தள்ளி, கடைசியில் எப்படிச் சொல்வது என்று ஒருவருக்கும் தெரியாமல் போய்விட்டது.

அவள் கிழமைக்குக் கிழமை டெலிபோன் காட் சுரண்டி ஊருக்கு எடுப்பாள். அங்கே கூடப்பிறந்த அக்கா போனைத் தூக்குவாள். அம்மா குளிக்கிறா, அம்மா நித்திரை, அம்மாவுக்குக் காது அடைச்சுப் போச்சு, நீ சொல்லு, நான் அவவுக்குச் சொல்லுறன். இவள் சொல்லுவாள். பிறகு அக்கா சொல்லுவாள், "அம்மா தலையாட்டுறா." பிள்ளைக்கு என்ன பேர் வைக்கிறது என்று கேட்டதற்கும் அப்படித்தான். "அம்மா கௌசி எண்டு வைக்கட்டாம்." வைத்தார்கள். அனுப்பின சேலை அம்மாவுக்கு நல்லாப் பிடித்ததாம்.

பிள்ளை தவழத் தொடங்கின நேரம், ஊருக்குப் போய் வந்த கூட்டாளி சிவராசா ஒரு யூ.எஸ்.பியைக் கொண்டுவந்து யோகேந்திரனின் கையில் பொத்திக் கொடுத்தான். சுண்டுவிரல் அளவு, நீலக் கலர். மாமியின் செத்த வீட்டு வீடியோவும் படங்களும் அதற்குள். துஷாந்தினி பிள்ளையைக் குளிக்க வார்த்துக்கொண்டிருந்த நேரம் பார்த்து அவன் அதைக் கொம்பியூற்றரில் குத்தினான். கொஞ்சம் பார்த்தான். அவள் கண்ணில் பட முதல் அழித்துவிடலாம் என்று அழிக்கத் தொடங்கினான்.

"இஞ்சருங்கோ, துவாய் எங்க?" என்று ஈரக் கையோடு அவள் அறைக்குள் வந்தாள்.

அவன் நெருப்பைத் தொட்டவன் மாதிரி அதைப் பிடுங்கினான். அழிந்துகொண்டிருந்த பாதியில் பிடுங்கினால் அது என்ன செய்யும்? அன்றோடு கெட்டுப்போனது. திரும்பக் குத்தினால் உள்ளே ஒன்றும் காட்டவில்லை, எல்லாத்தையும் துடைத்துப் போமற் செய்யட்டோ என்று மட்டும் கேட்டது. ஓம் என்றால், முடியாது என்றது. செத்ததென்று நினைத்து அவன் குசினியில் இழுக்கிற லாச்சிக்குள் பழைய பற்றறிகளோடு போட்டுவிட்டான். மாமியின் முகம் உள்ள பொருள். எறிய மனம் வரவில்லை.

கௌசி பகலில் பிள்ளைகளைப் பார்க்கிற கார்டெறிக்குப் போகத் தொடங்கின பிறகு துஷாந்தினி கொம்பியூற்றர் வகுப்பில் சேர்ந்தாள். ஆளுக்கொரு யூ.எஸ்.பி கொண்டுவரச் சொன்னார்கள். லாச்சியைக் கிண்டினாள், நீலக் குச்சி வந்தது.

"இது வேலை செய்யுமோ?"

"அது பழுது. எறியும் அதை," என்றான் யோகேந்திரன், அவள் முகத்தைப் பார்க்காமல். "நான் புதிசு வாங்கித் தாறன்."

புதிசும் வாங்கித் தந்தான். ஆனால் பழுது என்ற சொல் அவளுக்குள் நின்றுவிட்டது. வகுப்புக்கு இரண்டையும் கொண்டுபோனாள். ரீச்சர் அதை வேறு துளையில் குத்திப் பார்த்தாள், வேறு கொம்பியூற்றரில் குத்திப் பார்த்தாள். பக்கத்தில் பூட்டுகிற சின்னத் தட்டு ஏதும் உண்டோ என்று நகத்தால் தடவிப் பார்த்தாள். இல்லை. கறுப்புத் திரை ஒன்றைத் திறந்து எழுத்தில் கட்டளை கொடுத்தாள். எழுதவும் விடமாட்டேன் அழிக்கவும் விடமாட்டேன் என்று அது ஒரே பிடியில் நின்றது. ரீச்சர் சிரித்துக்கொண்டு குப்பைவாளியைக் காட்டினாள்.

வீட்டில், அவன் வேலைக்குப் போன நேரங்களில், ரீச்சர் செய்ததை எல்லாம் அவளும் செய்து பார்த்தாள். போமற் என்பதை அமத்துவாள். பச்சைக் கோடு கொஞ்சம் ஓடும், நிற்கும், முடியவில்லை என்று வரும். திரும்ப அமத்துவாள். பெற்ற தாயின் செத்த வீட்டை அவள் தன் கையாலேயே அழிக்கப் பார்த்துக்கொண்டிருந்தாள். அது அழியமாட்டேன் என்று நின்றது.

ஒரு சனிக்கிழமை பிள்ளையையும் தூக்கிக்கொண்டு ஜெறோம் வீட்டுக்குப் போனாள். தனியாகப் போனாளாம்! பிள்ளை இடுப்பில், நிலக்ஷி அடுப்படியில். இந்தப் பக்கத்துத் தமிழ் ஆட்கள் எல்லாரின் கொம்பியூற்றரும் அந்த வீட்டு மேசைக்குத்தான் வரும்.

"அழிச்சுத் தாங்கோ அண்ணை. உள்ளுக்க ஒண்டுமில்லை," என்றாள்.

"ஒண்டுமில்லாட்டி ஏன் தங்கச்சி இது இந்த அடம் பிடிக்குது?"

"அதுவும் மட்டக்களப்பாக்கும்," என்றாள், மட்டக்களப்பு மனுசனைக் கட்டின நிலக்ஷி அடுப்படியிலிருந்து. "வீட்டில ஒண்டு காணாதெண்டு."

ஜெறோமுக்கு ஒரு பழக்கம். எதையும் அழிக்க முதல் உள்ளே இருக்கிறதை எடுத்து வெளியில் வைப்பான். சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்க முதல் சாமான்களை முற்றத்தில் எடுத்து வைக்கிற மாதிரி. முன்னொருக்கால் ஒரு வீட்டுப் பிள்ளை மாதா கோயிலில் முதல் நன்மை வாங்கின படங்களைத் தெரியாமல் அழித்துவிட்டு, கோயிலில் அந்த ஆட்களின் முகத்தைப் பார்க்க முடியாமல் கடைசி வாங்கில் இருந்தவன். அதிலிருந்து இந்தப் பழக்கம்.

"ரெண்டு நிமிசம். தூசி கிடந்தாலும் எடுத்து வச்சிட்டுத்தான்," என்று ஒரு புரோகிராமை ஓட விட்டான். கோடு கோடாக அர்த்தமில்லாத எழுத்துகள் வந்தன. பிறகு சின்னச் சின்னப் படங்களாக வரத் தொடங்கின.

முதல் படத்தில் ஒரு வீட்டு வாசல் படலை. இரண்டு பக்கமும் வாழை, நடுவில் வெள்ளைத் துணி. அடுத்த படத்தில் ஒரு பெண் தலைவிரி கோலமாக இருந்தாள். தேத்தண்ணி கொண்டுவந்த நிலக்ஷி, "நிப்பாட்டுங்கோ," என்றாள். ஜெறோமின் கை திரையை மறைத்தது.

"வேற ஆற்றையோ போல கிடக்கு தங்கச்சி..."

"அது எங்கட வீட்டுப் படலை," என்றாள் துஷாந்தினி. "கையை எடுங்கோ அண்ணை."

எடுத்தான். வேறு என்ன செய்வான்? வீடியோவும் பாதியளவு வந்திருந்தது. அவள் கேட்டது ஒன்றுதான்.

"சத்தம் வருமோ?"

வந்தது. அவள் கதிரை நுனியில் இருந்து, பெல்ட்டில் குளிசைப் பட்டை பார்க்கிற மாதிரிப் பார்த்தாள். அம்மாவின் தாடையை வெள்ளைத் துணியால் கட்டியிருந்தார்கள். ஆரோ ஒருவரின் போன் அடித்தது, அவர் எழும்பி வெளியே போனார். அக்காவின் புருசன், அத்தான், சடங்குக்குச் சுண்ணம் இடித்தார். பிறகு வாய்க்கரிசி. அக்கா ஒரு பிடி போட்டாள். "கனடாவில இருக்கிற மகளுக்கும் ஒருக்காப் போடு பிள்ளை," என்று பின்னால் ஒரு குரல். அக்கா இன்னொரு தரம் கையை அரிசிக்குள் விட்டாள்.

திரையின் மூலையில் தேதி இருந்தது. போன வருசத் தைப்பொங்கல் கழிந்த கையோடு. அந்த நாட்களில் யோகேந்திரன் ஒரு பிறந்தநாள் வீட்டுக்குத் தனியாகப் போய் வந்தவன். வாய்க்கு ருசியாகச் சாப்பிடட்டும் என்று கட்டிலில் கிடந்தவளுக்கு ஆட்டிறைச்சி ரோல்ஸ் கொண்டுவந்து கொடுத்தவன். அவள் மூன்று சாப்பிட்டாள். அவன் சாப்பிடவில்லை, வயிறு சரியில்லை என்றான். அன்றைக்கு அவன் ஏன் சாப்பிடவில்லை என்பது இப்போதுதான் விளங்கியது.

"அப்ப, கௌசி எண்ட பேரை ஆர் சொன்னது?" என்று கேட்டாள்.

அவர்களுக்கு என்ன தெரியும். நிலக்ஷி அவளின் தோளைப் பிடித்தாள். "அழு பிள்ளை. அழுதிடு."

"வரேல்லை அக்கா."

பொய்யில்லை, வரவில்லை. தேத்தண்ணியைக் குடித்து முடித்தாள். கோப்பையைக் கழுவி வைத்தாள்.

"இதை இனி அழிக்கவே ஏலாதோ அண்ணை?"

"ஏலாது. உள்ளுக்கப் பூட்டிப் போச்சு. அழியிற அளவுக்கு நல்லா இருந்திருந்தா நீரே எப்பவோ அழிச்சிருப்பீர்." சொன்ன பிறகுதான் அவனுக்கே நெஞ்சில் குத்தியது. "என்ட கொம்பியூற்றரில ஏத்தி வச்சிருக்கிறன். வந்து பாரும்."

அதுதான் அந்தச் சனிக்கிழமைகள். வந்து இருப்பாள். வாய்க்கரிசி போடுகிற இடத்தை மட்டும் திரும்பத் திரும்பப் பார்ப்பாள். நிலக்ஷி பக்கத்தில் வெங்காயம் உரிப்பாள். போய்விடுவாள். இதை வைத்துத்தான் கட்டிடத்து ஆட்கள் வேறு மாதிரிக் கதை கட்டினார்கள்.

வீட்டில் அவள் ஒரு சொல் சொல்லவில்லை. மச்சம் மாமிசம் தனக்குப் போடவில்லை, அவனுக்குச் சமைத்தாள். விரதமோ என்று கேட்டான். ஓம் என்றாள். அவனாக வாய் திறக்கட்டும் என்று இருந்தாள். கோபம் இல்லை. பல் பிடுங்க விறைப்பூசி போட்டால் வாய் இருக்கிற இடம் தெரியாதே, அவளுக்கு உடம்பு முழுதும் அப்படி இருந்தது.

பங்குனி மாதம், பனி இன்னும் றோட்டோரம் குவிந்து கிடந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை. யோகேந்திரன் வேலையில்லாமல் வீட்டில் இருந்தான். அவள் காட் சுரண்டி ஊருக்கு எடுத்தாள். எல்லாருக்கும் கேட்கிற மாதிரி ஸ்பீக்கரில் போட்டு மேசையில் வைத்தாள்.

"அக்கா, அம்மாவிட்டக் குடுங்கோ."

"அம்மா... அம்மா கோயிலுக்குப் போட்டா."

"சரி," என்று துஷாந்தினி புருசனின் பக்கம் திரும்பினாள். "நீங்கள் கதையுங்கோ. மாமிக்கு ஏதும் சொல்லுறதெண்டால் சொல்லுங்கோ."

அவன் அவளைப் பார்த்தான். அவள் கண்ணை எடுக்காமல் பார்த்தாள். ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும். மாமி இப்போது இல்லை என்ற ஒரு சொல். சொல்லியிருந்தால் அவள் அந்த வீட்டில்தான் இருந்திருப்பாள். அது சத்தியம்.

அவன் மேசைக்குக் குனிந்தான். நல்ல அன்பான குரலில் சொன்னான்: "மாமி வந்தால் சொல்லுங்கோ, இஞ்ச எல்லாரும் சுகம். அடுத்த வருசம் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வந்து காட்டுவம்."

அவள் போனை நிற்பாட்டினாள். அறைக்குள் போனாள். பிள்ளைக்குப் பனி உடுப்புப் போட்டாள், கையுறை போட்டாள். இரண்டு பேரின் துணி கொஞ்சம், பிள்ளையின் பால் போத்தல். தானும் சப்பாத்துக்குள் காலை விட்டாள்.

"இந்தக் குளிருக்குள்ள எங்க போறீர்?"

"செத்த வீட்டுக்கு."

"ஆற்ற?"

அவள் பிள்ளையின் பனி உடுப்புச் சிப்பை நாடிவரைக்கும் இழுத்து விட்டாள். அவன் அப்படியே கதிரையில் இருந்துவிட்டான். "உமக்காகத்தான் துஷா," என்றான்.

"ஓம்," என்றாள். சண்டைக்குச் சொன்னதில்லை. பஸ்ஸில் ட்ரைவர் ஏதும் சொன்னால் சொல்கிற மாதிரிச் சொன்னாள். "கறி அடுப்பில கிடக்கு. கொதிச்ச உடன நிப்பாட்டுங்கோ."

கூட வேலை செய்கிற ஞானாம்பிகை சென்ட் லோரன்டில் வாடகைக்கு இருந்தாள், அவளிடம் ஒரு அறை சும்மா கிடந்தது. பஸ்ஸில் போகலாம். துஷாந்தினி கதவைத் திறந்தாள். வெளிப்படியில் உறைபனி பிடித்திருந்தது. பிள்ளையை ஒரு கையிலும் இரும்புக் கம்பியை மற்றக் கையிலும் பிடித்துக்கொண்டு, வழுக்காமல், ஒவ்வொரு படியாகக் காலை வைத்து இறங்கிப் போனாள்.