நீலக் கேனில் கொண்டுபோன குளோரின்

தண்ணீர்த் தொட்டியடியில் அன்று பாடம் நடத்தப் போன நான் இருந்தேன், வேன் ஓட்டி வந்த டிரைவர் அண்ணன் இருந்தார், குடிநீர்ச் சுத்திகரிப்புப் பயிற்சிக்கு வந்த பூர்வகுடி இளைஞர்கள் ஏழு பேர் இருந்தார்கள். எட்டாவது ஆளான, அவர்கள் கிராமமான அந்தக் கம்பத்துத் தலைவரின் மகள் இல்லை. மேசைமீது நான் வைத்த நீலக் கேனை ஒருமுறை பார்த்துவிட்டு எங்கோ போய்விட்டாள். வகுப்பில் அதிகம் கேள்வி கேட்பவளும் அவள்தான், என்னைக் கொஞ்சமும் நம்பாதவளும் அவள்தான்.

"அவங்களுக்கு ஆத்துத் தண்ணியே போதும்லா தம்பி. நீ ஏன் உசுரக் குடுக்கிற?" என்றார் அண்ணன். வாயால் மறுத்தேன். ஆனால் நாங்கள் கிளம்பியதும் தொட்டியைப் பூட்டிவிட்டு ஆற்றுக்கே போய்விடுவார்களோ என்ற சந்தேகம் எனக்கும் உள்ளூர இருந்தது. எங்கள் குடும்பத்தில் முதலில் படித்தவன் நான். படித்ததைச் சொன்னால் எல்லாரும் கேட்டுக்கொள்ள வேண்டும் என்று நினைத்திருந்த காலம் அது. அவளுக்காகக் காத்திராமல், அளவைச் சொல்லிக்கொண்டே குளோரின் கரைசலைத் தொட்டியில் ஊற்றினேன்.

பக்கத்து வீட்டுக் குழாயைத் திறந்து பார்த்தால் சொட்டுத் தண்ணீர் வரவில்லை. கையில் ஸ்பேனருடன் தொட்டிக்குப் பின்னாலிருந்து அவள் வந்தாள். வால்வை மூடியிருந்தாள். நாங்கள் மலாயில்தான் பேசிக்கொள்வோம். என்னை அண்ணன் முறை வைத்து அபாங் என்பாள்.

"அபாங், இந்தக் கேன்ல முன்னாடி என்ன இருந்துச்சு?"

"நல்லா கழுவியாச்சு."

"அதக் கேக்கல. என்ன இருந்துச்சு?"

எனக்குத் தெரியவில்லை. அலுவலகக் கேன் விரிசல் விட்டிருந்ததால், எங்கள் வீட்டுக் குளியலறையில் தண்ணீர் பிடித்து வைக்கும் கேனை எடுத்து வந்திருந்தேன். நினைவு தெரிந்த நாள் முதல் பார்க்கும் கேன். ஆற்றின் மேல்பக்கத்துச் செம்பனை எண்ணெய்த் தோட்டத்திலிருந்து இதே மாதிரிக் கேன்கள் ஒருமுறை மிதந்து வந்ததாகவும், பின்னாலேயே செத்த மீன்கள் மிதந்து வந்ததாகவும் அவள் சொன்னாள். "அப்பவும் படிச்சவங்கதான் வந்து ஒண்ணுமில்லன்னாங்க."

அண்ணன் கேனை மோந்து பார்த்துவிட்டு, "அலமாக்" என்று மலாயில் ஐயோ போட்டுத் தள்ளி வைத்தார். அதற்குப் பிறகு அவர் கிண்டல் செய்யவில்லை.

அம்மா செம்பனைத் தோட்டத்தில் முதுகில் மருந்துத் தோம்பு சுமந்து களைக்கொல்லி அடித்தவர். வீட்டுக்குப் போனதும் கேட்டேன். "புல்லு மருந்து கேன்தான். சவுக்காரம் போட்டு ஏழு தடவ கழுவினேன். அதுல தண்ணி குடிச்சுத்தானடா வளந்த? படிக்கவும் செஞ்ச!" என்று சிரித்தார்.

மறுநாள் போய் உள்ளதைச் சொன்னேன். அவள் திட்டவில்லை; தொட்டியின் வடிகாலைத் திறந்துவிட்டாள். ஒரு தொட்டித் தண்ணீர் புல்லில் ஓடியது. தேய்த்துக் கழுவி மறுபடி நிரப்ப மூன்று நாள் ஆனது. அதுவரை கம்பமே ஆற்று நீரைக் காய்ச்சிக் குடித்தது. புதுக் கேனுக்குப் பணம் நீட்டினேன். "உங்க காசுல வாங்கினா அதுவும் உங்க கேன்தான்" என்றாள்.

இப்போது தொட்டி முழுக்க அவள் பொறுப்பு. நான் எதைக் கொண்டுபோனாலும் மூடியைத் திறந்து மோந்து பார்த்து, அதே கேள்வியைக் கேட்கிறாள். முன்பு சுருக்கென்று இருக்கும். இப்போது கடையில் எதை வாங்கினாலும் நானும் அதைத்தான் கேட்கிறேன்.

நீலக் கேனை இரண்டு முறை குப்பையில் போட்டேன். இரண்டு முறையும் அம்மா எடுத்து வந்துவிட்டார். கம்பத்தில் இருப்பதைப் போலவே புதிதாக ஒன்று வாங்கிக் கொடுத்தேன். "தண்ணி புடிக்கிற கேனுக்கா இருபத்திரண்டு வெள்ளி காசு?" என்று அதில் அரிசி கொட்டி வைத்திருக்கிறார். அன்று கம்பத்துக்குப் புதுக் கேன் வாங்க அந்த எட்டுப் பேரும் ஆளுக்குக் கொஞ்சமாகப் போட்டு, பேரம் பேசாமல் கொடுத்ததும் அதே இருபத்திரண்டு வெள்ளிதான்.