ஊர்க்காரர் விற்ற லென்ஸ்

கல்யாணங்களுக்குப் படமெடுப்பது என் தொழில். இணையத்தில் மலிவாகக் கிடைத்த லென்ஸை வாங்குமுன் விற்பவருக்குப் போன் செய்தேன். தாராவியில் நான் பேசி வளர்ந்த அதே நெல்லைத் தமிழ். எந்த ஊர், எந்தத் தெரு என்று உற்சாகமாகப் பேசினோம்.

"நான் இருக்கேம்லா அண்ணாச்சி, வாரண்டிக்கு என்ன கவலை?" என்றார். உடனே பணம் அனுப்பினேன்.

மாட்டுங்காவில் ஒரு கல்யாணத்துக்கு முந்தின நாள் ஃபோகஸ் நின்றுபோனது. வேறு நாட்டில் விற்க வேண்டிய சரக்கு, இங்கே வாரண்டி செல்லாது என்றார்கள் சர்வீஸ் சென்டரில். கொதிப்போடு அவரைக் கூப்பிட்டேன்.

"கம்பெனி வாரண்டின்னு நான் சொன்னேனா அண்ணாச்சி? அது கடை வாரண்டிலா! இப்பம் கடையவே மூடியாச்சு. அது கெடக்கட்டும், ஊருக்கு எப்பம் வாறீக?"

வாடகை லென்ஸில்தான் அந்தக் கல்யாணத்தை எடுத்தேன். அவருடைய தாய்மாமன் வீடுவரை விசாரித்த நான், பழுதானால் யார் சரிசெய்து தருவார்கள் என்று மட்டும் கேட்கவே இல்லை.