பிடித்த பந்து

இத்தாலியின் பலெர்மோவில் எங்கள் பேஸ்பால் அணியில் மூன்று வருடமாக முதல் பேஸில் நின்றவன் நான். அதற்காக, ஸ்ஃபெர்ராகவால்லோவில் நான் வேலை செய்யும் மீன் உணவகத்தின் முதலாளியிடம் ஒவ்வொரு ஞாயிறும் கெஞ்சி விடுப்பு வாங்குவேன்.

போன வசந்தத்தில் பயிற்சியாளர் ஆட்களை இடம் மாற்றிப் பார்க்கப்போவதாகச் சொன்னார். மாற்றியது என்னை மட்டும்தான். என் இடத்தில் தன் மருமகனை நிறுத்திவிட்டு, "கிரிக்கெட் ஆடியவன்தானே, தூரத்தில் நில்" என்று என்னை வேலியோரம் அனுப்பினார்.

அன்றைய ஆட்டத்தில் உயர எழும்பி வந்த முதல் பந்தையே ஓடிப்போய்ப் பிடித்தேன். பிடித்த கையோடு, மன்னாரில் ஆடிய பழக்கத்தில், அதை வானத்துக்கு எறிந்து துள்ளினேன். கிரிக்கெட்டில் பிடித்தால் பந்தின் கதை முடிந்தது. பேஸ்பாலில் அதற்குப் பிறகும் பேஸில் நிற்கும் எதிரணியினர் ஓடலாம். அது எனக்குத் தெரியும், கைக்குத்தான் மறந்துபோனது. நான் துள்ளிய நேரத்தில் மூன்றாம் பேஸில் நின்ற எதிரணிக்காரன் ஓடிவந்து ஓட்டம் எடுத்துவிட்டான்.

அன்று மருமகன் மூன்று பந்துகளைத் தவறவிட்டான். "பழகிவிடுவான்" என்றார் பயிற்சியாளர். என்னைக் காட்டி, "இவனுக்கு ஆட்டமே தெரியாது" என்றார்.

வீட்டில் மனைவி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "இனியும் போவியளோ?" என்றாள்.

"ஓம். மருமகன் விடுற பந்து பொறுக்க ஆள் இல்லையாம்."