தொட்டில் கூடமும் சர்க்கார் காற்றும்

எனக்கு வயது எழுபத்து மூன்று. பெற்று வளர்த்தது ஐந்து பேரை, ஒன்றும் சோடை போகவில்லை. இப்போது வளர்ப்பது ஊராரின் பிள்ளைகளை.

கும்மிடிப்பூண்டி கம்பெனிகளுக்கு ஷிப்டு போகும் பெண்கள் எங்கள் காலனியில் அதிகம். இடுப்பில் குழந்தையோடு மெஷின் முன்னால் நிற்க முடியுமா? பால்வாடியிலும் கைக்குழந்தையைச் சேர்க்க மாட்டார்கள். அதனால் தெருப் பெண்கள் குழுவாகச் சேர்ந்து, சும்மா கிடந்த ஒரு கூடத்தில் புடவைத் தொட்டில் கட்டினோம். பார்த்துக்கொள்வது என்னைப் போன்ற கிழவிகள். சம்பளம் கிடையாது. மேலே சிமெண்ட் ஷீட். ஃபேன் ஓடாவிட்டால் ஒரு குழந்தையும் கண் மூடாது. குழந்தை தூங்காவிட்டால் பெற்றவள் வேலையை விட வேண்டியதுதான்.

நன்றாகத்தான் போனது, குழுவின் பெயரில் ஒரு போர்டு மாட்டும் வரை. கரண்டு ரீடிங் எடுக்க வந்தவர் அதை அண்ணாந்து பார்த்தார்.

“போர்டு மாட்டினா கடை ரேட்டு தான் பாட்டி.”

“கடையா? இன்னாத்த விக்கிறோம் நாங்க, புள்ளைங்களையா?”

“நியாயமான கேள்விதான்” என்று ஒத்துக்கொண்டு, ரேட்டை மாற்றிவிட்டுப் போனார். அதன் பிறகு நான்கு ஃபேனில் இரண்டைத்தான் ஓட்டினோம். தொட்டில்களை நெருக்கிக் கட்டினோம்.

அந்த நேரத்தில்தான், சேவை செய்யும் குழுக்களின் கரண்டு செலவில் சர்க்கார் ஒரு பங்கு ஏற்கும் என்று செய்தி வந்தது. எங்கள் குழுத் தலைவி முன்பு கவரைப்பேட்டையில் ஒரு கம்பெனி கேன்டீனில் இருந்தவள். யாரிடமும் பயமில்லாமல் பேசுவாள். மனு போட்டாள். ஆபீசர் நேரில் வந்து பார்ப்பதாகப் பதில் வந்தது.

“இருக்கிறத இருக்கிற மாதிரியே காட்டலாம் பெரிம்மா” என்றாள்.

“இன்னாமே பேசற? ஊட்டுக்கு மாப்ள வந்தா கிழிஞ்ச பாயத்தான் போடுவியா?”

அப்படிச் சொன்னது நான்தான். இப்போதும் அதையேதான் சொல்வேன். சர்க்கார் நம் வாசலுக்கு வருகிறது. மரியாதை என்று ஒன்று இல்லையா?

கோயில் திருவிழாவுக்கு லைட் போடுபவரிடம் சீரியல் செட்டும் மைக் செட்டும் வாங்கினோம். கல்யாண மண்டபத்திலிருந்து ஏர் கூலர் வந்தது. என் மகன் வீட்டு ஃப்ரிட்ஜ் குட்டி யானை வண்டியில் ஏறி வந்தது. காலையில் வருவதாகச் சொன்ன ஆபீசர் வெயில் உச்சியில் வந்தார். அந்த வெயிலில் எங்கள் சீரியல் பல்புகள் சிவப்பும் பச்சையுமாக எரிந்துகொண்டிருந்தன.

கூலர் முன்னால் உட்கார்ந்து, சில்லென்று ரோஸ் மில்க் குடித்தார்.

“பரவாயில்லையே, எங்க ஆபீஸ்லகூட இந்த வசதி கிடையாதும்மா.”

“எல்லாம் இரவல் சார். நீங்க வர்றீங்கன்னுதான் வாங்கியாந்தோம்” என்றாள் தலைவி.

“எனக்காகவா!” மனம் குளிர்ந்துபோனார். ஆனால் அவர் கை தன் பாட்டுக்குக் கூலர் ஒன்று, ஃப்ரிட்ஜ் ஒன்று என்று எழுதிக்கொண்டே போனது.

அத்தனையும் ஒரே லைனில் ஓடினால் ஃபியூஸ் தாங்குமா? பட்டென்று போனது. ஃபேன் நின்றதும் எல்லாத் தொட்டிலும் ஒன்றாக அழுதன. மைக் செட் தேவைப்படவில்லை. கம்பெனியில் தூக்கிப் போட்ட பெட்டி அட்டைகளை ஆளுக்கொன்று எடுத்து விசிறினோம். ஆபீசர் கை சும்மா இருந்தது. அதில் ஒரு குழந்தையைக் கொடுத்தேன்.

“ஆட்டு நைனா, அயுவுது பாரு.”

கை ஓய விசிறி, பாட்டுப் பாடி, ஒருவழியாக அடக்கினோம். வியர்வையில் நனைந்த ஆபீசருக்குக் கண்ணெல்லாம் ஆச்சரியம்.

“கரண்டே இல்லாம எவ்வளவு அழகா சமாளிக்கிறீங்க!”

அதையும் எழுதிக்கொண்டார். மனு தள்ளுபடியானது. இவர்களுக்கு வசதி போதுமான அளவு இருக்கிறது என்பது ஒரு காரணம். இவர்களுக்கு மின்சாரமே தேவைப்படவில்லை என்பது இன்னொரு காரணம். இரண்டும் ஒரே தாளில். நான் இரண்டாம் கிளாஸோடு நின்றவள். இப்படி எழுத வேண்டுமானால் எவ்வளவு படித்திருக்க வேண்டும்!

அந்த வாரமே ஒரு பெண் குழந்தையின் முதுகைத் திருப்பிக் காட்டினாள். முழுக்க வேர்க்குரு.

“நான் வேலைய வுட்டு நின்னுடறேன் பெரிம்மா.”

“நிக்காத. நாளைக்குப் புள்ளையக் குடுத்துட்டு நீ பாட்டுக்குப் போ.”

மறுநாள் குழந்தைகளோடு ஆட்டோக்களில் ஏறி, அந்த ஆபீசர் இருக்கும் தாலுகா ஆபீசுக்குப் போனோம். மனு கொடுக்க வருகிறவர்கள் உட்காரும் இடத்தில், காலி பெஞ்சுகளுக்கு மேலே ஃபேன்கள் ஜோராக ஓடிக்கொண்டிருந்தன. ஜன்னல் கம்பிகளில் தொட்டில் கட்டினோம். என்ன காற்று! எல்லாம் உடனே தூங்கிவிட்டன.

ஆபீசர் ஓடி வந்தார். “என்னம்மா இது? இது ஆபீஸா, தொட்டில் கூடமா?”

“ஆளே இல்லாத எடத்துல ஃபேன் ஓடுது சார். சர்க்கார் ஒதவி தர்றேன்னு சொன்னீங்களே, அத வாங்கிக்கினு இருக்கோம்” என்றேன்.

அவர் வாயைத் திறப்பதற்குள் அங்கே வேலை பார்க்கும் ஒரு பெண் உதட்டில் விரல் வைத்தாள். “சார், மெதுவா. இப்பதான் தூங்குச்சிங்க.” அன்று முழுக்க அந்த ஆபீசில் எல்லோரும் கிசுகிசுவென்று பேசினார்கள்.

ஆபீசர் கெட்டவர் இல்லை. ஒரு மத்தியானம் சொல்லாமல் கூடத்துக்கு வந்தார். சீரியல் பல்பும் இல்லை, ரோஸ் மில்க்கும் இல்லை. சட்டை முதுகோடு ஒட்டுகிற வரை உட்கார்ந்திருந்துவிட்டு, “திருத்தி எழுதிட்டேம்மா, மேலிடத்துக் கையெழுத்துதான் பாக்கி” என்றார். மேலிடத்தில் ஏசி இருக்கும்போல, அவசரம் தெரியவில்லை.

கையெழுத்து வரும் வரை வெயில் கடுமையான நாளெல்லாம் நாங்கள் தாலுகா ஆபீசில்தான். அன்று உதட்டில் விரல் வைத்த அந்தப் பெண்ணும் இன்றைக்குத் தன் கைக்குழந்தையைக் கொண்டுவந்து எங்கள் தொட்டிலில் போட்டிருக்கிறாள். இதை அந்தத் தொட்டிலை ஆட்டிக்கொண்டேதான் எழுதினேன். பள்ளிக்கூடம் லீவு என்று கூட வந்திருக்கும் என் பேத்தியிடம் நீட்டுகிறேன்.

இந்தா பாப்பா, உன் ஆயா எழுத்துக்கூட்டி எழுதினது. மொதல்லேந்து படி, கேப்போம். ஆபீசர் வர்ற எடத்துல கொரலக் கொற. உள்ளதான் குந்திக்கினு இருக்காரு.