பார்லர் அக்கா கண்ணாடி போட்ட கதை

மாடியில் இரண்டே நாற்காலி போட்டுப் பத்தொன்பது வருஷமாகப் பெண்களுக்கான அழகு நிலையம் நடத்திவந்தவளை அந்தத் தெருவில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. எல்லோருக்கும் பார்லர் அக்காதான். அவளுடைய அம்மா வயதுக்காரிகளும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். முடிவெட்டுவது, சாயம் பூசுவதெல்லாம் நாத்தனாரின் நாற்காலியில். அவளுக்கும் புருவம் எடுக்கத் தெரியும். ஆனால் கேட்பவர்தான் இல்லை. புருவம் என்றால் அக்கா கைதான். நூலின் ஒரு முனையைப் பல்லில் கடித்துக்கொண்டு, மீதியை விரலில் முறுக்கிக் குனிந்தாள் என்றால் ஐந்தே நிமிஷத்தில் இரண்டு புருவமும் முடிந்துவிடும்.

வயது நாற்பத்தைந்து முடிந்த வருஷம் அந்த ஐந்து நிமிஷம் பத்தாயிற்று. அக்கா முதலில் விளக்கைக் குறை சொன்னாள். எலக்ட்ரீஷியனை வரவழைத்து இன்னும் பளிச்சென்று ஒன்றை மாட்டவைத்தாள். அடுத்து நூல்மேல் பழி விழுந்தது, கம்பெனியை மாற்றினாள். கிட்டக் குனிந்தால் முடியெல்லாம் கலங்கித் தெரிந்தது, தலையைப் பின்னால் இழுத்தால் தெளிந்தது. அதனால் நூலை இரண்டு சாண், இரண்டரைச் சாண் என்று நீட்டிக்கொண்டே போனாள். நீண்ட நூல் சொன்ன பேச்சைக் கேட்காது. நினைத்த முடியோடு பக்கத்து முடியையும் சேர்த்துப் பிடுங்கிவிடும்.

“அண்ணி, ஒரு தடவ கண்ண செக் பண்ணிட்டு வந்துருங்களேன்” என்றாள் நாத்தனார்.

“என் கண்ணுக்கென்ன? எதுத்த மாடில காயிற துணிய எண்ணிச் சொல்லவா?”

எண்ணியும் சொன்னாள். பதினொன்று. சரியாகத்தான் இருந்தது. கண்ணாடி மாட்டியவளிடம் எவள் புருவத்தை நம்பிக் கொடுப்பாள் என்பதுதான் அவளுடைய பயம். அதை வாய்விட்டுச் சொல்லவில்லை.

பன்னிரண்டு வருஷ வாடிக்கையான வங்கி மேனேஜரம்மா ஒருநாள் காலை வந்து உட்கார்ந்தார். முடிந்ததும் எழுந்து நிலைக்கண்ணாடியில் வெகுநேரம் பார்த்தார். இடது புருவத்தின் வால் பக்கம் கால் அங்குலத்தைக் காணோம்.

“இந்தப் பக்கம் கொஞ்சம் கொறஞ்சிருக்கோ?”

அக்கா கிட்ட வந்து பார்த்தாள். “ரெண்டும் ஒண்ணாத்தானே இருக்கு?” என்றாள். பொய் சொல்லவில்லை, அவளுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். நாத்தனாரும் வந்து எட்டிப்பார்த்தாள், உடனே போய்ப் புருவப் பென்சிலைத் தேடி எடுத்தாள். அதிலேயே அக்காவுக்கு விஷயம் புரிந்துவிட்டது. மேனேஜரம்மா பென்சில் வாங்கிக் குறையை வரைந்துகொண்டார். “பரவால்ல, வளந்துரும்” என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனார்.

அன்று மத்தியானமே அக்கா கண்ணாடிக் கடைக்குப் போனாள். கடைக்காரர் ஒரு அட்டையைக் கொடுத்துப் படிக்கச் சொன்னார். அவள் கையை நீட்டிப் பிடித்து மூன்று வரி படித்தாள்.

“அதுக்குக் கீழ என்ன எழுதிருக்கும்மா?”

“கீழ எழுத்தா இருக்கு? கோடு போட்டிருக்கீங்கன்னுல்ல நெனச்சேன்.”

அவர் சிரிக்காமல் சோதனைச் சட்டத்தில் வில்லைகளை மாற்றி மாற்றிப் போட்டார். ஒன்றே முக்கால் பவரில் கோடெல்லாம் எழுத்தாயிற்று.

“நாப்பது தாண்டுனா எல்லாருக்கும் வர்றதுதாம்மா. வியாதி ஒண்ணும் இல்ல.”

“வியாதின்னா மருந்து குடுத்துருப்பீங்க” என்றாள் அக்கா.

மறுநாள் காலை ஆள் வருவதற்கு முன்னால், புதுக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு நிலைக்கண்ணாடி முன் நின்றாள். மோவாயில் மூன்று முடி நீட்டிக்கொண்டிருந்தது. அதில் ஒன்று நரைத்தும்விட்டது.

“ஏண்டி, இது எத்தன நாளா இருக்கு?”

“ரெண்டு வருஷம் இருக்கும்.”

“ஒரு வார்த்த சொல்லக்கூடாதா?”

“தொழிலே இதுதானே உங்களுக்கு. வேணும்னுதான் விட்டுவெச்சிருக்கீங்கன்னு நெனச்சேன் அண்ணி.”

அக்கா போய் நாத்தனாரின் நாற்காலியில் சாய்ந்து மோவாயைத் தூக்கிக் காட்டினாள். அந்த நாற்காலியில் அவள் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. நாத்தனார் மூன்றையும் மூன்றே இழுப்பில் எடுத்தாள். நல்ல கைதான் என்று அக்காவுக்குத் தோன்றியது.

முதல் வாரம் பாடாய்ப்பட்டாள். குனிந்தால் கண்ணாடி மூக்கு நுனிக்கு வழுக்கியது; பின்பக்கம் கயிறு கட்டிக்கொண்டாள். இதுவரை தெரியாத முடியெல்லாம் கண்ணில் பட, கை நிற்கவில்லை. “அக்கா, எனக்கும் கொஞ்சம் மிச்சம் வைங்க” என்று ஒரு கல்லூரிப் பெண் கெஞ்சினாள். ஆனால் அவள் கண்ணாடி போட்டிருப்பதைப் பார்த்து யாரும் திரும்பிப் போகவில்லை. மாதக் கடைசிக்குள் நேரமும் ஏழு நிமிஷத்தில் வந்து நின்றது.

ஐந்து வாரம் கழித்து மேனேஜரம்மா வந்தார். இரண்டு நாற்காலியும் காலியாகத்தான் இருந்தன. நாத்தனாரின் நாற்காலியில் போய் உட்கார்ந்து, “புருவம்தான்” என்றார். நாத்தனார் அக்காவைத் திரும்பிப் பார்த்தாள்.

“நீயே எடு” என்று சொல்லிவிட்டு அக்கா துண்டுகளை மடிக்கப் போனாள். சுருக்கென்றுதான் இருந்தது. மத்தியானம் சாப்பிடும்வரை இருந்தது. அன்றிலிருந்து மேனேஜரம்மா நாத்தனாரின் ஆள்.