ஒத்த இழுப்பு

பேய், ஆவின்னு சொல்லுகவனுக்கு வேற பணி இல்லைன்னு சொல்லி நடந்தவனாக்கும் நான். நாலாங்கிளாசோட பள்ளிக்கூடத்துக்கு ஒரு கும்பிடு போட்டுட்டு, குன்னத்துகால்ல கிணறு வெட்டத் தொடங்கினேன். இன்னைக்கு வெள்ளறடை முதல் பாறசாலை வரைக்கும் எவன் வீட்டில தண்ணி குடிச்சாலும் பாதி என் கை வெட்டினதாத்தான் இருக்கும். ரெண்டு மாடி வீடு, மகன் என்ஜினீயர், எல்லாம் மண்ணுக்குள்ள இருந்து நான் தோண்டி எடுத்தது. அப்படிப்பட்டவன் பட்டப்பகல்ல விறைச்சுப் போனேன்னா சிரிப்பிய. சிரியுங்க, முழுசும் கேட்டுட்டுச் சிரியுங்க.

எங்க தொழில்ல ஒரு ஏற்பாடு உண்டு. ஆழத்தில நிக்கவன் சொல்லுகது மேல சரியா கேக்காது, அதனால வாளிக்கயிறுதான் பேச்சு. ரெண்டு இழுத்தா வாளியைத் தூக்கு. மூணு இழுத்தா மண்ணு சரியுது, ஒருத்தனும் இறங்கப்பிடாது. ஒத்த இழுப்புன்னா, அடுத்த ஆளு இறங்கி வா. மேல நிக்கவன் அதே மாதிரி திருப்பி இழுத்துப் பதில் சொல்லணும். நானும் என் கூட்டாளி தங்கையனும் உண்டாக்கின கணக்கு இது, வேற ஒருத்தனுக்கும் தெரியாது. தங்கையன் செத்ததும் ஒரு கிணத்துக்குள்ளதான். மூணு இழுத்தான், நானும் மூணு இழுத்துப் பதில் சொன்னேன், தூக்கினா கயிறு மட்டும் வந்துது.

அது பழைய கதை. பாறசாலைக்காரன் ஸ்டீபன் மலாவி நாட்டில ஏழைக் கிராமங்களுக்குக் கிணறு வெட்டிக் குடுக்க ஒரு கூட்டத்தோட வேலை பாக்கான். "அண்ணாச்சி, பாதியில நிக்க கிணறு ஒண்ணு உண்டு, வந்து பாத்துச் சொல்லுங்க"ன்னான். போனேன். அந்த ஊரு நிலமையைச் சொன்னா கண்ணு நிறையும். மாடு இறங்குக குழியில கலங்கின தண்ணியைக் கோரிப் பிள்ளையளுக்குக் குடுக்குதுவ. சிசோமோன்னு ஒரு வெட்டுக்காரன், அவன் கைக்குழந்தைக்கு வயித்தோட்டம் நிக்கவே இல்ல. அவன் பெண்டாட்டி காலிக்குடத்தோட கிணத்து ஓரத்திலேயே நிக்குகா. இன்னும் ஓராள் ஆழம் வெட்டினா ஊத்து வரும்னு மண்ணை மோந்தே சொல்லிட்டேன்.

உள்ள காத்து உண்டான்னு பாக்க வாளியில மெழுகுவத்தி ஏத்தி இறக்கினேன். அணையல. சிசோமோ ஒரு காலை உள்ள வச்சாச்சு.

அப்பம் நம்பினா நம்புங்க, என் கையில இருந்த கயிறு இழுத்துது. ஒண்ணு. ரெண்டு. மூணு.

கீழ ஒரு ஈ காக்கா கிடையாது. என்னையறியாம என் கை மூணு இழுத்துப் பதில் சொல்லிச்சு. பின்னே ஒண்ணும் யோசிக்கல, சிசோமோ சட்டையைப் பிடிச்சு வலிச்சு வெளிய போட்டேன். அவன் எந்திச்சு என்னமோ சொல்லிச் சிரிச்சான்.

"கிழவருக்குப் பயம் வந்தாச்சாங்கான் அண்ணாச்சி," ஸ்டீபனும் சிரிச்சான். "ஊரெல்லாம் பெருமை பேசினியளே!"

"எலே, பேசாம தள்ளி நில்லு."

சொல்லி வாய் மூடல, உள்ள பொதுக்குன்னு ஒரு சத்தம். ஒரு பக்கத்துச் சுவரு அப்படியே இறங்கி, கிணறு பாதிக்கு மேல மூடிப் போச்சு. சிசோமோ பெண்டாட்டி குடத்தைப் போட்டுட்டு அவனைக் கெட்டிப் பிடிச்சு அழுதா. 

இதோட நின்னிருந்தா கூட்டாளி காப்பாத்தினான்னு நானே பெருமையா சொல்லி நடந்திருப்பேன். ஆனா கயித்தைக் கையில சுத்தி வச்சிருந்தேன், கேட்டியளா. புழுதி அடங்கி, எல்லாம் அசையாம ஆன பிறகு, அத்தனை மண்ணுக்கும் அடியில இருந்து கயிறு இன்னொருக்க இழுத்துது. மெதுவா. ஒத்த இழுப்பு.

கயித்தை உதறிப் போட்டுட்டு நடந்தவன் திரும்பிப் பாக்கல.

மண்ணு அமுங்கும்போ கயிறு இழுபடும்னு மகன் சொல்லுகான். சரி மக்கா, மண்ணு சரியுகதுக்கு முன்னே மூணு இழுத்தது ஆரு? அதுக்கு அவன் படிப்பில இடம் இல்ல. அந்த ஊருக்காரங்க பக்கத்திலயே வேற கிணறு வெட்டித் தண்ணி கண்டாச்சு, குழந்தையும் தேறிட்டு. வந்து ஒரு வாய் குடிங்கன்னு ஸ்டீபன் இப்பவும் போன்ல கூப்பிடுகான். நான் போகல.

அந்த மூணு இழுப்புக்கு நான் பதில் சொல்லியாச்சு. ஒத்த இழுப்புக்கு இன்னும் சொல்லல.